பவுனுக்காக நான் தின்ற சவர்க்காரம்

எட்டாம் வகுப்பு பாஸ் பண்ணிய ஒரு பெண்ணைப் பதுளைக்கு அனுப்பி, ஒரு வாரம் முதலுதவிப் பயிற்சி கொடுத்து, உடுத்திக்கொள்ள வெள்ளைச் சேலையும் தந்துவிட்டால், அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து மனிதர்களை மட்டுமல்ல, நாய்களையும் யாராலும் காப்பாற்ற முடியாது. வேறு யாரையோ நினைத்து இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண் நான்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் நான் ஆயா. வயது இருபத்திரண்டு. தலைக்கனத்துக்கு வயது நூறு இருக்கும். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் யாராவது தும்மினால் கூப்பிடாமலே போய் நாடி பிடிப்பேன். வயிற்றுவலி என்று வந்த ஒரு பெரியவருக்குக் கையில் கட்டுப்போட்டு அனுப்பியிருக்கிறேன் (பயிற்சியில் கட்டுப்போடுவதைத்தான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்கள், நான் என்ன செய்வது?). பாவம், அவரும் "வலி கொறஞ்சிருச்சு தாயி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்த வருடம் எங்கள் லயத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போனார்கள். ஆசைப்பட்டுப் போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்கு எந்த நாடு என்று இரண்டு அரசாங்கமும் எங்களைப் பிரித்துக் காகிதம் வந்தது, போனார்கள். அப்பா உயிரோடு இருந்த காலத்தில் போட்ட குடியுரிமை மனுவில் அம்மாவுக்கும் எனக்கும் இலங்கை என்று வந்தது. அக்கா காமாட்சி கல்யாணமாகிப் போனவள் என்பதால் மச்சான் வீட்டோடு சேர்த்து அவளுக்கு இந்தியா என்று வந்தது. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே லயத்தில் ஐந்து காம்பரா தள்ளிக் குடியிருந்த நாங்கள் இரண்டு பேரும் இரண்டு நாட்டுக்காரிகளாகிப் போனோம். யாரிடம் போய் நியாயம் கேட்பது?

பவுனு என்பது அக்கா மகள் வசந்தியின் நாய். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். வீட்டில் ஒரு குன்றிமணி பவுன் கிடையாது, நாயாவது அந்தப் பேரோடு இருக்கட்டும் என்று மச்சான் வைத்த பெயர். வசந்திக்கு அப்போது ஏழு வயது. பதுளை ஸ்டேசனுக்குப் போகும் லொறியில் ட்ரங்குப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டாள்.

"சின்னம்மா, பவுனுக்குக் காச்ச வந்தா ஊசி போடுவீங்கதானே?"

"நான் இருக்குறப்ப அதுக்கு என்னாடி வரும்?"

அக்கா என் கையை விடாமல் பிடித்திருந்தாள். "தெய்வான, நாயப் பாத்துக்க. எங்க பேரச் சொல்ல இங்கன அது ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு."

"சரிக்கா" என்றேன். சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான். லொறி போய்விட்டது. பவுனு திருப்பம் வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடி, அரைமணி நேரம் கழித்து நாக்கைத் தொங்கப்போட்டபடி தனியாகத் திரும்பி வந்தது. நான் அழவில்லை. வெள்ளைச் சேலைக்காரி லயத்து வாசலில் நின்று அழுதால் மரியாதை என்ன ஆவது!

மறுநாள் காலையிலிருந்து பவுனு ஒரு வேலையை ஆரம்பித்தது. பெண்கள் மலைக்குக் கிளம்பும்போது கூடவே கிளம்பி ஏழாம் நம்பர் மலைக்குப் போய்விடும். அக்கா வழக்கமாகக் கொழுந்தெடுத்த மலை அது. அந்த மாதம் அங்கே உரம் போட்டிருந்தார்கள், மழையும் விடவில்லை. அந்த ஈரத்தில் நாள் முழுக்கச் செடிக்குச் செடி தேடிவிட்டு, சாயந்தரம் கொழுந்து நிறுக்கும்போது திரும்பி வரும். பூட்டிக்கிடக்கும் அக்காவின் காம்பரா வாசலில் படுக்கும். படுத்ததும் முன்னங்காலை நக்க ஆரம்பிக்கும். சளக், சளக், சளக். சோறு வைத்தாலும் ஒரு வாய் தின்றுவிட்டு மறுபடி சளக், சளக்.

பத்து நாளில் நக்கல் கடியாக மாறியது. விரல் இடுக்கில் பல்லைக் கொடுத்து எதையோ பிடுங்குகிற மாதிரி கறுக்முறுக்கென்று கடித்தது. எச்சில் பட்டுப் பட்டு முடியெல்லாம் செம்பட்டையானது. பாதம் வீங்கி ரத்தம் கசிந்தது. நடக்கும்போது நொண்டியது.

வேறு காலமாக இருந்தால் நொண்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஊருக்குப் போனவர்கள் விட்டுப்போன நாய்கள் தோட்டமெங்கும் அலைந்துகொண்டிருந்தன. கீழ்ப் பிரிவில் ஒரு குழந்தையை வெறிநாய் கடித்து, பதுளை ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டிருந்தார்கள். சொறி பிடித்தது, நொண்டுவது, வாயில் நுரை தள்ளுவது என்று எந்த நாயைக் கண்டாலும் சுட்டுவிடும்படி தொரை உத்தரவு போட்டிருந்தார். துப்பாக்கி காவல்காரர் சவரிமுத்துவின் கையில் இருந்தது. அதுவரை காட்டுப்பன்றியைத் துரத்திக்கொண்டிருந்த மனுசன் ஒரே வாரத்தில் ஐந்து நாயைச் சுட்டுவிட்டார். பவுனுவின் காலைக் குணப்படுத்தியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அடுத்தது அதுதான்.

களத்தில் இறங்கினேன்.

முதலில் மஞ்சள் அரைத்துப் பூசினேன். நக்கித் தீர்த்துவிட்டது. ஆமணக்கெண்ணெய் தடவினேன். அதையும் நக்கியது, விடிவதற்குள் லயத்து வாசல் முழுக்க நாறிப்போனது (அதைக் கழுவியதும் நான்தான், வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு). பிறகு நான் கற்ற வித்தையை எடுத்தேன். நான்கு காலுக்கும் பதுளையில் சொல்லிக்கொடுத்த மாதிரியே அழகாகக் கட்டுப்போட்டேன். வலது முன்னங்கால்தான் புண், மற்ற மூன்றும் எதற்கு என்று அம்மா கேட்டாள். பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டாமா என்றேன். பவுனு நான்கு கட்டுகளையும் பிய்த்து அதில் ஒன்றை விழுங்கியும்விட்டது.

"ஏம்புள்ள, அது காலக் கடிக்கிறது நோவுல இல்ல, ஏக்கத்துல" என்றாள் அம்மா.

"ஒங்களுக்கு என்னாம்மா தெரியும்? நான் படிச்சிருக்கேன்."

மறுநாள் அதன் பாதத்தை விரித்துப் பார்த்தபோது விரல் இடுக்கில் இரண்டு அட்டை, ரத்தம் குடித்துக் கொழுத்து உட்கார்ந்திருந்தன. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. கண்டுபிடித்துவிட்டேன்! ஏக்கமாவது மண்ணாவது, அட்டைக்கடி! அட்டைக்கு மருந்து எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழைக்காலத்தில் மலைக்குப் போகும் பெண்கள் காலில் சவர்க்காரத்தை அப்படியே பூசிக்கொண்டு போவார்கள். காய்ந்து ஒட்டிக்கிடக்கும் சவர்க்காரத்தில் அட்டை ஏறாது. மனுசிக்குச் செய்வதை நாய்க்குச் செய்தால் என்ன? மனுசி தன் காலைத் தானே நக்கிக்கொள்ள மாட்டாள் என்ற சின்ன விசயம் என் படிப்புக்கு எட்டவில்லை.

சவர்க்காரத்துக்கு அப்போது பயங்கரத் தட்டுப்பாடு. கடையில் கிடையாது. வீட்டில் கிடையாது. பெண்கள் சாம்பலைப் போட்டுத் துணி துவைத்தார்கள். தோட்டத்திலேயே சவர்க்காரம் இருந்த ஒரே இடம் என் பிள்ளைக் காம்பரா, குழந்தைகளைக் கழுவுவதற்காகக் கொடுத்திருந்த சிவப்புக் கட்டிகள். அதில் ஒன்றை எடுத்தேன். திருடினேன் என்றே எழுதுகிறேன், இந்த வயதில் எனக்கு என்ன வெட்கம்? பாதிக் கட்டியைச் சீவிச் சுடுதண்ணீரில் போட்டு, ஒரு பிடி உப்பும் போட்டு, களி மாதிரி கிண்டினேன். விடிந்ததும் பவுனுவின் நான்கு காலிலும் விரல் தடிமனுக்கு அப்பினேன். மிச்சக் கட்டியை மடியில் செருகிக்கொண்டு, பெரிய சாதனை செய்துவிட்ட மிதப்போடு வேலைக்குக் கிளம்பினேன்.

பிள்ளைக் காம்பராவுக்குப் பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். காலையில் எல்லாரும் கூடி நின்று, யாருக்கு எந்த மலை என்று கணக்கப்பிள்ளை பேர் சொல்லிப் பிரிக்கும் இடம். இருநூறு பேராவது நின்றிருப்பார்கள். கணக்கப்பிள்ளை ஐயா பேர் வாசித்துக்கொண்டிருந்தபோது கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண் வீறிட்டாள்.

"ஆத்தாடி! வெறிநாய்!"

திரும்பிப் பார்த்தேன். பவுனு வந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் நின்று நின்று காலை நக்கியிருக்கிறது. வாய் முழுக்க நுரை. மூக்கில் நுரை, மீசையில் நுரை, கழுத்து வரைக்கும் ஒழுகிய நுரை. உப்புக் கரிக்கவே தலையைத் தலையை வேறு உதறிக்கொண்டது. காலில் சவர்க்காரம் வழுக்கி, குடித்தவன் போலத் தள்ளாடியது. பயிற்சியில் வெறிநாய்க்கு என்னென்ன அடையாளம் சொன்னார்களோ, அத்தனையையும் என் கையாலேயே அதற்குப் பூசிவிட்டிருக்கிறேன்.

கூட்டம் சிதறியது. கூடைகள் உருண்டன. "சவரிமுத்து! சுடுய்யா! என்னாய்யா பாத்துக்கிட்டு நிக்கிற!" என்று கணக்கப்பிள்ளை மேசை மேல் ஏறி நின்று கத்தினார். சவரிமுத்து துப்பாக்கியைத் தூக்கினார்.

நான் உடனே பாய்ந்து குறுக்கே நின்றேன் என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. சவர்க்காரம் என்று சொன்னால் எந்தச் சவர்க்காரம் என்று கேட்பார்கள். என்னைச் சுற்றி நின்றவர்கள் அந்தக் குழந்தைகளின் தாய்மார். வெள்ளைச் சேலை போய்விடும், வேலை போய்விடும், மானம் போய்விடும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை, ஆனால் நின்றேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

பவுனு கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடித்துவிட்டது. வாலை ஆட்டியது. நுரை தள்ளிய வாயோடு, நொண்டிக்கொண்டு, என்னைப் பார்த்து நேராக வந்தது. துப்பாக்கியும் அதன் பின்னாலேயே நகர்ந்து வந்தது. அப்போதுதான் ஓடினேன்.

"சுடாதீங்க! அது சவுக்காரம்! நான் பூசுன சவுக்காரம்!"

யாரும் நம்பவில்லை. சவர்க்காரமே இல்லாத காலத்தில் நாய்க்குச் சவர்க்காரம் பூசினேன் என்றால் எவன் நம்புவான்? "பாவம், அக்கா போன கவலையில புத்தி பேதலிச்சிருச்சு" என்று ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது. "தள்ளு புள்ள, தள்ளிப் போ!" என்று சவரிமுத்து கத்தினார். எப்படி நிரூபிப்பது? மடியில் இருந்த மிச்சக் கட்டியை எடுத்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று உயர்த்திக் காட்டினேன். காட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வாயில் போட்டு, கரும்பு கடிக்கிற மாதிரி கடித்து, மென்றேன்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நுரைத்தது. வாயை மூடினால் மூக்கு வழியாக வந்தது. "பாருங்க, இதே நொரதான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதிலாக நுரைமுட்டைதான் வந்தது, பெரிது பெரிதாக.

கணக்கப்பிள்ளை ஐயா மேசையிலிருந்து விழுந்தே விட்டார். "ஐயோ! இவளையும் கடிச்சிருச்சுடா!"

நாய்க்குப் பயந்து ஓடியதைவிட இரண்டு மடங்கு வேகமாக ஜனங்கள் எனக்குப் பயந்து ஓடினார்கள். களத்தில் மிஞ்சியது மூன்று பேர். நான், பவுனு, என்னைச் சுடலாமா கூடாதா என்று உத்தரவில் ஒன்றும் இல்லையே என்று விழித்துக்கொண்டு நின்ற சவரிமுத்து.

கூச்சல் கேட்டுத் தோட்டத்து மருந்து கொடுப்பவர் வந்தார். முழு டாக்டர் இல்லை, ஆனாலும் எங்களுக்கு அவர்தான் டாக்டரையா. தூரத்தில் நின்றே என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். காற்றை மோந்து பார்த்தார். பிறகு பீலியடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வெறி பிடித்தது தண்ணீரைக் கண்டால் மிரளும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"குடிங்க, ரெண்டு பேரும்" என்றார்.

பவுனு பாய்ந்து போய் வாளிக்குள் தலையை விட்டது. நானும் மண்டிபோட்டு, அதே வாளியில், அதற்குப் பக்கத்தில் கையால் அள்ளி அள்ளிக் குடித்தேன். குடிக்கக் குடிக்க நுரை கூடியது. ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு களமே சிரித்தது. சவரிமுத்து துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கு மட்டும் அழுகை வந்தது. லொறி போன அன்றைக்கு வராத அழுகை, இருநூறு பேருக்கு முன்னால், வாயில் நுரையோடு வந்தது. நுரை மூஞ்சியெல்லாம் அப்பியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டரையா பவுனுவின் காலைக் கழுவிப் பார்த்தார். "நான் மனுசங்களுக்குத்தான் மருந்து குடுக்குறேன், ஆனா இது தெரியாம இருக்க நாம கண்ணில்லாதவங்களா?" என்று என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். உரம் போட்ட மலையில் ஈரக்காலோடு நடந்தால் பாதம் எரியாமல் என்ன செய்யும்? எரிந்தால் நக்கும். நக்கினால் இடுக்கில் ஈரம் காயாது. காயாவிட்டால் புண்ணாகி அரிக்கும், அரித்தால் கடிக்கும். அட்டை ஏதோ வழியில் வந்த விருந்தாளி. மலையிலிருந்து வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவு, விரல் விரலாகத் துடைத்துக் காயவை, அட்டையோ முள்ளோ இருக்கிறதா என்று பார், நக்கும் இடத்தில் கண்டதையும் பூசாதே என்றார். "நல்ல நேரம், போயில கரைச்சு ஊத்தாம விட்டியே. நக்கியே செத்திருக்கும், துப்பாக்கிக்கு வேலையே இருந்திருக்காது."

"அம்மா ஏக்கம்னு சொன்னாங்க ஐயா" என்றேன், மெதுவாக.

"அதுவுந்தான். தனியா வுட்டா எரிச்சல் போனாலும் நக்கும். கூட ஆளு வேணும்." சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பத்து விரலிலும் நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை சிவந்திருந்தது. எப்போது கடித்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகு கையை விட்டுவிட்டுப் போனார்.

குழந்தைகளுக்குக் கொடுத்த சவர்க்காரத்தை நாய்க்குப் பூசியதற்காக ஒரு மாதம் வெள்ளைச் சேலையைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். ஏழாம் நம்பர் மலை. அக்கா நின்ற நிரையிலேயே என்னை விட்டார்கள், அந்த நிரை காலியாக இருந்ததால். அந்த ஒரு மாதமும் நான் அழுத அழுகை அந்தச் செடிகளுக்குத்தான் தெரியும். பவுனு இப்போது செடிக்குச் செடி அலையவில்லை. மேட்டில் உர ஈரம் இல்லாத ஒரு கல்லின் மேல் படுத்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சாயந்தரம் காலைக் கழுவித் துடைத்து, அது தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். காலை வாயருகே கொண்டுபோனால் "ஏய் பவுனு" என்று கூப்பிடுவேன். நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கும். மாதம் முடிவதற்குள் புண் ஆறி, புதுமுடி மஞ்சளாக வந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தது. பிள்ளைக் காம்பரா வாசலில் படுத்து, வருசா வருசம் வந்த புதுக் குழந்தைகள் வாலைப் பிடித்திழுக்க விட்டுக்கொண்டு, ஒரு மத்தியானம் படுத்தபடியே போய்விட்டது.

சவர்க்காரக் கதையை அக்காவுக்கு எழுதினேன். கூடலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, வசந்தியின் கோணல் எழுத்தில். "சின்னம்மா, அம்மா படிக்கச் சொல்லி மூணு தடவை கேட்டுச்சு. சிரிச்சிக்கிட்டே இருந்துச்சு. இங்க வந்து அம்மா இன்னைக்குத்தான் சிரிச்சுச்சு." அந்த ஊரில் என் பேர் சவுக்காரச் சின்னம்மா ஆனது. நான் அவர்களைப் போய்ப் பார்க்கவே இல்லை. முதலில் போக வழியில்லை. பிறகு சண்டை வந்து போகும் வழியெல்லாம் அடைபட்டது. பிறகு எனக்கு முட்டிவலி வந்தது. லொறியில் கையை விட்டதுதான், அக்காவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இப்படியே அவள் போயும் சேர்ந்துவிட்டாள்.

காரியம் முடிந்து பத்துநாள் கழித்து வசந்தியின் மகள் போன் பண்ணினாள். பேத்தி, நான் கண்ணால் கண்டதில்லை.

"சவுக்கார அம்மாயியா பேசுறீங்க?"

"ஆமாடி தங்கம்."

"கடேசி நாள்ல எங்க அம்மாயி ஒங்க கதயத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நெசமாவே தின்னீங்களா?"

"தின்னேன்டி. மூக்கு வழியா முட்ட வந்துச்சு."

அவள் சிரித்தாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு மூச்சு நின்றுவிட்ட மாதிரி ஒரு அமைதி, அப்புறம் அடக்கமுடியாமல் ஒரே வெடிப்பு. எங்கள் அக்கா அப்படித்தான் சிரிப்பாள். நாற்பது வருசத்துக்கு மேல் நான் கேட்காத சிரிப்பு. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவ சொல்லவாடி?" என்று கேட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளே கூப்பிடுகிறாள். நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். என் வீட்டுப் பிள்ளைகள் "ஆச்சு, அம்மா சவுக்காரம் திங்க ஆரம்பிச்சாச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். உண்மையில் நான் தின்றது அரைக் கட்டியில் ஒரு கடி. போன ஞாயிற்றுக்கிழமை மூன்று முழுக் கட்டி தின்றிருக்கிறேன், கணக்கப்பிள்ளை மேசையிலிருந்து இரண்டு தடவை விழுந்திருக்கிறார். அவள் சிரிக்கிறாள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.